குழவிப் பருவத்து மூளை ஊறும் அதன் மீட்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் யாம் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் செய்யுளும் கற்பித்து வாழும் தமிழாசிரியராகிய எமக்கும், மூளையைப் பற்றிய மருத்துவ நூலுக்கும் யாது இயைபு என்று உங்களிற் சிலர் ஐயுறுதல் கூடும். அவ்வையம் நேரியதே. யாம் மருத்துவர் அல்லேம். ஆயினும் எம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, சென்ற பத்தாண்டுகளாக இத்துறையினை அறிந்தாரை அடுத்துக் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறியுமாறு எம்மை உந்திற்று. அங்ஙனம் அறிந்தவற்றை நம்மவர்க்கு எடுத்துரைத்தல் எம் கடமையென்று கருதியே, செயலாளர் அவர்கள் இலக்கியப் பொருள் ஒன்று பற்றிப் பேசுமாறு பணித்திருந்தும், இப்பொருளை வேண்டிப் பெற்றோம்.

முதற்கண் அந்நிகழ்ச்சியைக் கூறுவோம். எம் தமையனார்க்கு ஒரு பெண் மகவு பிறந்தது. நிறைமாதப் பிறப்பு. பிறந்தவுடன் அழுதது, முறையாகப் பால் அருந்திற்று, எடையிலும் குறைவில்லை. நான்காம் திங்கள் ஆனபோது, கிலுகிலுப்பையைக் காட்டினால் எப்போதும் இடக்கையையே நீட்டும். வலக்கை விரல்கள் உள்ளே மடிந்தபடியே இருக்கும். எம் அன்னையார், "பேத்திக்கு நொட்டாங்கைப் பழக்கம்" என்று சொல்லிச் சிரித்தனர். புலமைச் செருக்குடைய யாமோ, அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்றொரு பெயர் உண்டு என்றும், இடக்கையாலும் வில் வளைத்த அவ்வீரன் வழியினள் இவள் என்றும் விளக்கம் கூறி வீட்டாரை மகிழ்வித்தோம். அவ்விளக்கத்தை நினைக்குந்தோறும் இன்றும் எம் உள்ளம் நாணுகின்றது.

குழந்தை நடக்கத் தாழ்த்தாள். நடந்தபோதும் வலக்காலை இழுத்து நடந்தாள். இரண்டு வயது நிரம்பிய பின்னரே நகரத்து மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் செய்து, அதனை ஒளிப்பலகையில் மாட்டிக் காட்டினார். மூளையின் இடப்புறத்தே ஒரு பகுதி வெறுமையாய்க் கிடந்தது. பிறப்பினை ஒட்டிய நாட்களில் அங்கே செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டு அப்பகுதி அழிந்தது என்று விளக்கினார். பின்பு, "இக்கை வேறுபாட்டினை முதன்முதல் எப்போது கண்டீர்கள்?" என்று வினவினார். நான்காம் திங்களில் என்று எம் அண்ணியார் மெல்லக் கூறினார். மருத்துவர் எம்மைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் மௌனமே எமக்குத் தண்டனையாயிற்று.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. கருவுற்றிருந்த காலத்துக் கிரகண வேளையில் வெளியே வந்தமையால் வந்த வினை இது என்று உறவினர் சிலர் எம் அண்ணியாரைத் தூற்றினர். யாம் கற்றவர், அவ்வுரை பொய்யென்று அறிவோம், இருந்தும் பெரியோர் முன்னிலையில் வாய் திறந்திலோம். இன்று இம்மேடையில் திறக்கின்றோம்.

பக்கவாதம் என்பது முதுமைக்கே உரியது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. பிறப்பினை ஒட்டிய சில நாட்கள், குழந்தைப் பருவம் முழுவதினும் இந்நோய்க்கு மிகுதியும் இடமாகிய காலமாம். சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் உலகெங்கும் இது நிகழ்கின்றது. பேறுகாலத்தில் குருதி இயல்பாகவே உறையும் தன்மை மிகுந்திருத்தலும், நஞ்சுக்கொடியின் கோளாறும், பிள்ளையின் இதயக் குறையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனினும் பல பிள்ளைகளிடத்துத் தனிக் காரணம் ஒன்றும் புலப்படுவதில்லை. கிரகணத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தாய் செய்த பிழை என்று சுட்டுதற்கு ஈண்டு ஒன்றும் இல்லை.

இனி, இத்தகைய ஊறு பட்ட மூளை மீளுமா என்னும் வினாவிற்கு வருவோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பது நம்மனைவர்க்கும் தெரிந்த பழமொழி. இளமையிற் பட்ட ஊறு எளிதிற் சீராகும் என்று இப்பழமொழியின் வழியே கருதிவிடலாமோ? மேல்நாட்டு அறிஞரும் இவ்வினாவிலே நெடுங்காலம் உழன்றனர்.

1861-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பால் புரோக்கா என்னும் மருத்துவர், 'டான்' என்னும் ஓரசையன்றி வேறு சொல் அறியாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆய்ந்து, இடப்புறத்து முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். அதன் பின்னர்ப் பேச்சுக்கு இடப்பாதி மூளையே பெரும்பாலும் நிலைக்களம் என்பது நிறுவப்பட்டது. பெரியோர்க்கு அப்பகுதி அழிந்தால் பேச்சு மீளுதல் அரிது. 1930-களிலும் 1940-களின் தொடக்கத்திலும் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்டு என்னும் அம்மையார், அசைவினை ஆளும் மூளைப் பகுதியைக் குரங்குக் குட்டிகளிடத்தும் வளர்ந்த குரங்குகளிடத்தும் நீக்கிப் பார்த்து, குட்டிகள் விரைந்து தேறுதலைக் கண்டார். இளமையில் ஊறுபடின் மீட்சி மிகுதி என்னும் கொள்கை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. எனினும் குட்டிகள் வளருங்கால் சில குறைகள் பின்னர் வெளிப்படுதலையும் அவ்வம்மையாரே கண்டு எழுதினார். பின்வந்தோர் அக்கொள்கையின் இனிய பாதியை மட்டும் போற்றி, மற்றப் பாதியை மறந்தனர் என்க.

இவையெல்லாம் இறந்தோர் மூளையையும் விலங்கின் மூளையையும் கொண்டு அறிந்தவை. உயிரோடு உறங்கும் ஒரு மகவின் தலைக்குள்ளே நிகழ்வதனைத் தெளிவுறக் காண எளிய வழி இல்லாதிருந்தது. அவ்வழி 1971-ஆம் ஆண்டில் திறந்தது. அவ்வாண்டு இலண்டன் மாநகரில் காட்பிரி ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியியலார் அமைத்த சி.டி. கருவியால் நோயாளி ஒருவரின் மூளை முதன்முதல் படமாக்கப்பட்டது. 1973-இல் பால் லாட்டர்பர் என்பார் காந்த அதிர்வினாற் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். பீட்டர் மான்ஸ்பீல்டு அதனை வளர்த்தார். அவ்விருவர்க்கும் 2003-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள நீரகத்தின் கருக்கள் நுண்ணிய காந்த ஊசிகள் போல்வன. வலிய காந்தத்தினுள் அவை ஒழுங்குற நிற்கும். அந்நிலையில் வானொலி அலையால் அவற்றைச் சிறிது கலைத்தால், மீண்டும் நிலைபெறுங்கால் தாமும் ஒரு குறிப்பொலியை விடுக்கும். அக்குறிப்பு இழைக்கு இழை வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு வரைவதே எம்.ஆர்.ஐ. படம். இதில் எக்ஸ் கதிர் இல்லை. ஆதலின் பச்சிளங் குழவிக்கும் ஏற்றது. நீர்த்துகள்கள் எத்திசையில் எவ்வளவு எளிதிற் செல்கின்றன என்று அளக்கும் வேறொரு முறையால், அடைப்பு நேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே ஊறுபட்ட இடத்தைக் காணலாம்; நரம்பு இழைகள் செல்லும் வழியினையும் வரையலாம். 1990-இல் செய்ஜி ஒகாவா என்னும் யப்பானிய அறிஞர், குருதியில் உள்ள உயிர்வளியின் அளவினைக் கொண்டே மூளையின் எப்பகுதி தொழிற்படுகின்றது என்று காட்டலாம் என மெய்ப்பித்தார்.

உச்சிக்குழி மூடாத மகவிற்கு அக்குழியின் வழியே ஒலியலைக் கருவியை வைத்தும் பார்ப்பர். அதனைத் தொட்டிலருகிலேயே செய்துவிடலாம். எம்.ஆர்.ஐ. கருவியோ பேரொலி செய்வது. மகவிற்கு வயிறாரப் பாலூட்டி, துணியால் இறுகச் சுற்றி, செவிகளை மூடி, தானே உறங்கச் செய்து படம் எடுப்பர். தாலாட்டுத் தெரிந்த தாயே அங்கு முதல் உதவியாளர்.

இக்கருவிகள் கண்டு கூறியது யாது? வியத்தற்குரிய செய்தி ஒன்றனை முதலிற் கூறுவோம். வாசிங்டன் நகரத்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், பிறப்பினை ஒட்டிய நாட்களில் இடப்புற மூளையிற் பக்கவாதம் உற்ற 15 பேரை, அவர்கள் 9 முதல் 26 வயதினராய் இருந்தபோது ஆராய்ந்து 2022-இல் முடிபுகளை வெளியிட்டனர். அவர்தம் உடன்பிறந்தாரே ஒப்புநோக்கும் அளவுகோலாயினர். வாக்கியங்களைக் கேட்டுப் பொருள் உணருங்கால் அவர்களின் வலப்பாதி மூளை தொழிற்பட்டது. அதுவும் மனம் போனவாறு எங்கேனும் அன்று. பிறர்க்கு இடப்புறத்தே மொழி எவ்விடத்து உளதோ, கண்ணாடியில் எதிருருக் கண்டாற்போல் அதற்கு நேரான வலப்புறத்து இடத்திலேயே மொழி குடியேறியிருந்தது. வாக்கியப் பொருள் உணர்தலில் அவர்கள் உடன்பிறந்தாரிற் குறைந்தாரல்லர்.

இஃது எங்ஙனம் இயலும்? அதே பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு விடை தருகின்றது. 4 முதல் 13 வயது வரையுள்ள நலமுடைய பிள்ளைகளை ஆராய்ந்ததில், மிக இளையவர் மொழியை உணருங்கால் வலப்புறமும் சேர்ந்து தொழிற்படுதலும், வயது ஏற ஏற அவ்வலப்புறத் தொழில் குறைதலும் புலனாயின. எனவே வலப்பாதி மூளை புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொள்வதன்று. இளமையிலே தன்னிடத்து இருந்ததனைக் கைவிடாது காத்துக்கொள்வதே நிகழ்கின்றது. மாணாக்கர்க்கு ஈராசிரியர் இருந்து, ஒருவர் நீங்கின் மற்றவர் வகுப்பினை ஏற்று நடத்துதல் போல்வது இது. முதியோர்க்கோ இரண்டாம் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் பன்னாளாயிற்று.

இம்மட்டிற் சொற்பொழிவினை முடிப்பின் நீவிர் மகிழ்வுடன் இல்லஞ் செல்வீர். ஆயின் அது பாதி உண்மையே ஆகும். மொழி பெயர்ந்து குடியேறியது போலக் கையின் தொழில் பெயர்ந்து குடியேறுவதில்லை.

பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரு கைகளுக்கும் நரம்பு இழைகள் செல்கின்றன. முதலிரண்டு ஆண்டுகளில் இவற்றிடையே ஒரு போட்டி நிகழ்கின்றது. வழக்கமாக எதிர்ப்புறத்து இழைகள் வென்று நிலைபெறும். தன்புறத்து இழைகள் பின்வாங்கும். இங்கிலாந்தில் ஜேனட் அயர் அம்மையாரின் ஆய்வுகளால் இது தெளிவாயிற்று. இடப்பாதி ஊறுபட்டால், வலக்கைக்கு அங்கிருந்து வரும் இழைகள் நலிந்து போட்டியில் தோற்கின்றன. வலப்பாதியிலிருந்து வலக்கைக்கே செல்லும் இழைகள் வலுக்கின்றன. அவை அக்கையை ஒருவாறு இயக்கும். ஆயினும் விரல் நுனியின் நுண்டொழிலைப் பெரும்பாலும் தாரா. ஜெர்மனி நாட்டு மார்ட்டின் ஸ்டவுட் என்பார் படங்களின் துணைகொண்டு மற்றொன்றும் காட்டினார். அசைவு நலமுள்ள பாதிக்குப் பெயர்ந்தபோதும், தொடுவுணர்வு ஊறுபட்ட பாதியிலேயே நின்றுவிடுதல் உண்டு. குறைமாதக் கருவில் நேர்ந்த ஊறாயின், பின்னர் வளரும் உணர்விழைகள் அவ்வடுவினைச் சுற்றி வளைந்து தம் இடம் சேர்வதனையும் அவர் கண்டார். ஆற்றின் நடுவே பாறை கிடந்தால் நீர் சுற்றி ஓடுமன்றோ, அதுபோல என்க. ஒரு கையை ஓரிடம் இயக்க, வேறோரிடம் உணர்ந்தால் அக்கை எங்ஙனம் திறம் பெறும்?

மேலும், ஊறு ஓரிடத்தே நில்லாது மூளை முழுவதும் பரவியிருப்பின், இளமை துணைசெய்வதினும் இடர்செய்வதே மிகுதி. பின்னர்க் கட்டவேண்டிய மாளிகைக்கு அடித்தளமே அசைந்துவிடுகின்றது. பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளைக்கு உயிர்வளியும் குருதியும் குன்றிய பிள்ளைகள் இவ்வகையினர். நம் நாட்டில் இவர் தொகை மிகுதி. மேல்நாடுகளில் இத்தகைய மகவினைப் பிறந்த 6 மணி நேரத்திற்குள் குளிர்வித்து, 33.5 பாகை செல்சியசில் 72 மணி நேரம் வைத்தலால் பயன் உண்டென்று கண்டனர். அதே முறை, இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 மகவுகளிடத்து ஆராயப்பட்டது. நம் சென்னையும் அதில் இடம் பெற்றது. 2021-இல் வெளியான முடிபின்படி, குளிர்வித்தல் ஈண்டு இறப்பையும் ஊனத்தையும் குறைக்கவில்லை; இறப்பு மிகுந்தேயிருந்தது. ஒரு நாட்டிற்கு அமிழ்தாவது மற்றொரு நாட்டில் ஆராயாமற் கொள்ளற்பாலதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

படம் கண்டவுடன் பிள்ளையின் ஊழினைப் படித்துவிட்டதாகக் கொள்ளுதலும் பிழையே. அடிமூளையின் ஆழத்துள்ள சில பகுதிகளின் நிலையைக் கொண்டு நடை வருமா என்று மருத்துவர் ஓரளவு கூறவல்லர். ஆயினும் ஒரே அளவு வடு உடைய இரு பிள்ளைகள் இரு வேறு வகையாக வளர்தலும் உண்டு. 1997-இல் இலண்டனிலிருந்து வெளியான குறிப்பு ஒன்று, எட்டரை வயது வரை பேச்சறியாது வலிப்பினால் வருந்திய சிறுவன், நோயுற்ற இடப்பாதி மூளை அகற்றப்பட்ட பின்னர் ஒன்பதாம் வயதிற் பேசத் தொடங்கினான் என்று கூறுகின்றது. வளையும் பருவம் ஐந்தோடு முடிந்தே தீரும் என்று பழமொழியை இறுகப் பற்றுதலும் கூடாது என்பதற்கு இதனைக் கூறினோம். ஆயின், அதனை நம்பிக் காலத்தைக் கைவிடுதல் அறிவுடைமையாகாது. கையினைப் பொறுத்தமட்டில் அப்போட்டி நிகழ்வது முதலிரண்டு ஆண்டுகளில் என்றோமன்றோ? எம் வீட்டார் சிரித்துக் கழித்தது அவ்விரண்டு ஆண்டுகளையே.

தாய்மார்களே! ஆதலின் நீவிர் நோக்க வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறுகின்றோம். ஓராண்டு நிரம்புமுன் பிள்ளை ஒரு கையை மட்டுமே விரும்பி நீட்டினால், அது பழக்கம் அன்று. மருத்துவரிடம் காட்டவேண்டிய குறி. மூன்று திங்களுக்கு மேலும் ஒரு கை மூடியே இருத்தல், ஒரு கால் விறைத்து நிற்றல், உறக்கத்திலோ விழிப்பிலோ ஒருபுறம் துடித்தல் ஆகியனவும் அவ்வாறே. மூன்று நான்கு திங்களில் மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் கைகால்கள் இயல்பாகவே சிறுசிறு அசைவுகளாய் ஓயாது ஆடிக்கொண்டிருக்கும். அவ்வாட்டம் இல்லாமையைக் கொண்டே வருங்குறையை அறியும் முறையினை ஹைன்ஸ் பிரெக்டல் என்பார் வகுத்தார். இதனோடு எம்.ஆர்.ஐ. படமும் நரம்புச் சோதனையும் சேர்ந்தால் ஆறு திங்களுக்குள்ளேயே பெருமூளை வாதத்தைத் துணியலாம் என்று 2017-இல் பன்னாட்டு வல்லுநர் வழிகாட்டினர். கண்டறிந்தபின், நலமான கையை விளையாட்டு வேளையிற் சிறிது நேரம் உறையிட்டு அடக்கி, நலிந்த கையைத் தொழில் செய்யப் பழக்கும் பயிற்சி உண்டு. அதனைத் தேர்ந்த பயிற்சியாளர் வழியே செய்வித்தல் வேண்டும். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையைச் சார்ந்து நிறுவப்பெறும் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தை நாடுக. 2013-இல் தொடங்கிய நடுவண் அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அவை அமைந்தன.

இனிச் சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் மூன்று. முதலாவது, பிள்ளையின் குறைக்குத் தாயைப் பழிக்கும் பேச்சு நம் இல்லங்களில் எழுமாயின், கற்றவர் அங்கேயே மறுத்துரைத்தல் வேண்டும். எம்மைப் போல வாளா இருத்தல் ஆகாது. இரண்டாவது, உடன்பிறந்தார்க்குச் சம்பந்தம் பேசுங்கால் குறையாகும் என்று அஞ்சி, இத்தகைய பிள்ளைகளை அறையினுள் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டென்பதை மறுப்பாரில்லை. மறைத்த பிள்ளை மருத்துவரிடம் செல்வதில்லை, காலம் கழிகின்றது. இவ்வாண்டு முதல் நம் சங்க விழாக்களுக்கு அப்பிள்ளைகளையும் முன்வரிசையில் இருத்துவோமாக. மூன்றாவது, உயர்கல்விக்கென நாம் வைத்துள்ள நிதியில் ஒரு சிறு பங்கினைப் பயிற்சிக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் வழிச்செலவிற்கு ஒதுக்குதல் வேண்டும். வாரத்தில் இருநாள் கூலியை விட்டுப் பேருந்தில் பிள்ளையைச் சுமந்து செல்லும் தாய்க்கு, மருத்துவம் இலவசமாயினும் வழி இலவசம் அன்று.

எம் தமையனார் மகளைப் பற்றிக் கேட்க விரும்புவீர். இன்று அவள் பன்னிரண்டு வயதினள். தமிழிற் பிழையறப் பேசுவாள். வகுப்பில் உரைநடையை அவள் படிக்கக் கேட்டால் எமக்கே பெருமிதம் உண்டாகும். இடக்கையால் எழுதுகின்றாள். வலக்கை தாளைப் பிடித்துக்கொள்ளும். சட்டைப் பொத்தானை அவளால் இன்னும் தனியே மாட்ட இயலவில்லை. மொழி மீண்டது; கை முழுதும் மீளவில்லை. இதற்கு மூளை நூல் கூறும் காரணத்தை உங்கட்கு உரைத்தோம். அந்நான்காம் திங்களிலேயே அழைத்துச் சென்றிருந்தால் அப்பொத்தான் மாட்டப்பட்டிருக்குமோ என்னும் வினா மட்டும் எம்மோடு நிற்கின்றது. அவ்வினா நம்மவர் இல்லம் எதிலும் இனி எழாதிருப்பதாக.